ஜெட் ஸ்கிக்கு ஆறு சனிக்கிழமை

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் குணசேகரம் ஒரு பெரிய முடிவு எடுத்தார். என்ன வந்தாலும் சுவருக்குப் பெயின்ற் அடிப்பதில்லை.

குற்றம் சமையலறைச் சுவரில்தான். அதில் இருபத்தாறு வருசத் தாளிப்பு ஏறியிருந்தது. வெள்ளையாய் இருந்த சுவர் மஞ்சளாகி, மஞ்சள் மண்ணிறமாகி, இப்போது நல்ல குழம்பு நிறத்தில் நின்றது. பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு ஜெயமலரின் தமையன் குடும்பம் பாரிசிலிருந்து வந்து வீட்டில் தங்கப்போகிறது. ஆகவே ஜெயமலர் இரண்டு வாளி வெள்ளைப் பெயின்ற் வாங்கிவந்து ரீவிக்கு முன்னால் வைத்துவிட்டாள். இனி ரீவி பார்ப்பதென்றால் வாளியையும் பார்க்கவேண்டும்.

குணசேகரம் ஹம் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். கிழமையில் ஐந்து நாள் ஊரை ஏற்றி இறக்குகிற மனிசனுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் சொந்தம். அதைக் கொண்டுபோய்ப் பெயின்ற் வாளிக்குள் தோய்க்க அவருக்கு மனம் வரவில்லை. யோசித்தார். யோசனை நேரே கராஜுக்குப் போய் நின்றது. அங்கேதான், ஒக்டோபரில் போர்த்த போர்வைக்குள், அவருடைய ஜெட் ஸ்கி படுத்திருந்தது. தண்ணீரில் ஓடுகிற மோட்டார் சைக்கிள். அவருடைய ஒரே ஆடம்பரம்.

"இஞ்சரும், நாளைக்குப் பெயின்ற் அடிக்க ஏலாது. ஜெட் ஸ்கியைக் கோடைக்கு ஆயத்தப்படுத்தவேணும்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"நேரமோ? ஆறு சனிக்கிழமை செல்லும்."

"ஆறோ! பிள்ளை பெறவே ஆஸ்பத்திரியில மூண்டு நாள்தான் வச்சிருந்தவங்கள்."

"அது பிள்ளை. இது எஞ்சின்."

ஜெயமலர் அகப்பையைக் கையில் எடுத்தாள். "அப்ப எல்லாம் முடிஞ்சாப் பிறகு நானும் ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?"

"உமக்கு ஏலாது. அது ஆளையே இழுத்துக்கொண்டு போயிடும். பின்னுக்கு இருக்கவே பயப்பிடுவீர்."

"ஓம், ஓம்," என்று சொல்லிவிட்டு அவள் சோறு வடிக்கப் போனாள்.

உண்மையில் அந்த வேலை இரண்டு மணித்தியாலம். பற்றரியைச் சார்ஜ் பண்ணிப் பூட்டவேண்டும். எஞ்சின் ஒயில் மாற்றவேண்டும். பிளக் துடைக்கவேண்டும். பைப்பைப் பூட்டி உள்ளே தண்ணீர் விட்டு அலசவேண்டும். ஒவ்வொரு வருசமும் இரண்டு தேத்தண்ணிக்கு நடுவில் அவர் முடிக்கிற வேலை. மிச்சச் சனிக்கிழமைகளுக்கு மடக்குக் கதிரை ஒன்றும், போனில் கிரிக்கெட்டும், மேல்மாடி அலோசியஸும் ஏற்பாடாகியிருந்தன.

முதல் சனி. காலை ஒன்பது மணிக்கு கராஜுக்குள் கதிரை விரிந்தது. பத்து மணிக்கு ஜெயமலர் தேத்தண்ணியோடு வந்தாள். போன் அவசரமாக அலோசியஸின் சட்டைப் பைக்குள் போனது. பைக்குள்ளிருந்து ஆரோ சிக்ஸர் அடித்த சத்தம் கேட்டது.

"என்ன நடக்குது?"

"பற்றரியை எழுப்பிக்கொண்டிருக்கிறன். ஆறு மாசம் நித்திரை. திடீரெண்டு எழுப்பினால் திடுக்கிட்டுப்போம்."

"அலோசியஸ் அண்ணை என்ன செய்யிறார்?"

"அவர் பக்கத்தில நிக்கவேணும். கறண்ட் சாமான். தனிய நிண்டு செய்யப்படாது."

அலோசியஸ் மிகவும் பொறுப்பான முகத்தோடு தலையாட்டினார். வாய்க்குள் கச்சான் கடலை இருந்ததால் பேச முடியவில்லை.

"நல்லது. நான் வெளியால போயிட்டு வாறன்," என்றாள் ஜெயமலர். எங்கே என்று குணசேகரம் கேட்கவில்லை. அடுத்த ஓவர் தொடங்கிவிட்டது.

இரண்டாவது சனி, எஞ்சின் ஒயில்.

"எண்ணெய் மாத்தவேணும்," என்றார்.

"என்னையோ?"

"எண்ணெயை!"

"இருவத்தாறு வருசமா நான் உங்களை மாத்தப் பாக்கிறன். அது ஏலாத காரியம், சரி. ஒயில் மாத்திறதுக்கும் ஒரு முழு நாளோ?"

"பழைய எண்ணெய் துளித்துளியா வடியவேணும். அதுக்குப் பிறகுதான் பைப்பைப் பூட்டித் தண்ணியைத் திறந்து, எஞ்சினைப் போடுறது."

"எஞ்சினைப் போட்டுட்டெல்லோ தண்ணியைத் திறக்கவேணும்? இல்லாட்டி எஞ்சினுக்குள்ள தண்ணி போகாதோ?"

குணசேகரம் திடுக்கிட்டார். அவள் சொன்னதுதான் சரி. வாய் தடுமாறிவிட்டது. "ஆர் உமக்குச் சொன்னது?"

"சும்மா கேட்டன்." அவள் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது சனி கிரிக்கெட் இல்லை. அலோசியஸும் இல்லை. ஜெட் ஸ்கியின் இருக்கை மெத்தென்று இருந்தது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தார். போர்வையை இழுத்து மூடினார். கண் திறந்தபோது தேத்தண்ணிக் கோப்பையோடு ஜெயமலர் நின்றாள்.

"எஞ்சின்ர சத்தத்தைக் கேட்டுப் பாத்தனான்," என்றார்.

"எஞ்சின் போடேல்லையே?"

"போடாத எஞ்சின்ர சத்தத்தைக் கேக்கிறதுதான் கஷ்டம்."

"எனக்கு வாசல் வரைக்கும் கேட்டது. நல்லாத்தான் ஓடுது." கோப்பையை வைத்தாள். "இன்னும் என்னென்ன வேலை மிச்சம்? ஒரு கடுதாசியில எழுதித் தாங்கோ. அண்ணா போன் எடுத்துக் கேட்டால் சொல்லவேணும்."

அன்று பின்னேரம் குணசேகரம் மேசையில் இருந்து பதினான்கு வேலை எழுதினார். முதல் நாலும் உண்மை. ஐந்தாவதிலிருந்து கற்பனை. பிளக்குகளுக்கு ஓய்வு கொடுத்தல். எலி புகுந்ததா என்று நேரில் விசாரித்தல். இருக்கைக்கு வெயில் பழக்குதல். பதினான்காவதை எழுதும்போது அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. ஜெயமலர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். இவ்வளவு லேசாக வென்றுவிட்டோமே என்று குணசேகரத்துக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. நாலாவது சனி முழுவதும் அந்தப் பாவத்தோடேயே கிரிக்கெட் பார்த்தார்.

ஐந்தாவது சனி. கதிரையோடும் கச்சானோடும் போய் கராஜ் கதவைத் தூக்கினார்.

போர்வை மடித்து மூலையில் கிடந்தது. ஜெட் ஸ்கி கல்யாண மாப்பிள்ளை போல மினுங்கிக்கொண்டு நின்றது. பற்றரி பூட்டியிருந்தது. ஒயில் தேன் நிறத்தில் இருந்தது. கைப்பிடியில் அவர் எழுதிய கடுதாசி கட்டித் தொங்கியது. பதினான்குக்கும் சரி போட்டிருந்தது, பக்கத்தில் குறிப்புகளோடு. "எலி: விசாரிச்சாச்சு, வரேல்லையாம்." "இருக்கைக்கு வெயில்: பத்திலயிருந்து பன்னிரண்டு. திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும்."

ஜெட் ஸ்கிக்குப் பக்கத்தில் இரண்டு பெயின்ற் வாளி, ஒரு ரோலர், அவருடைய பழைய காற்சட்டை.

அலோசியஸ் எட்டிப் பார்த்தார். வாளியைக் கண்டார். "குணம், எனக்கொரு டொக்டர் டெர்மின் இருக்கு."

"சனிக்கிழமையிலயோ?"

"அவசர டெர்மின்." படியேறி ஓடிவிட்டார்.

ஜெயமலர் வந்தாள். நகத்தில் கறுப்பு ஒயில். "நேற்று எனக்கு லீவு. ஜெட் ஸ்கியோட வந்த புத்தகத்தைப் பாத்துச் செய்தன். ரெண்டு மணித்தியாலம்தான் பிடிச்சது. எனக்கு இது முதல்தரம். உங்களுக்கு ஏன் இவ்வளவு செல்லுதெண்டு விளங்கேல்ல."

குணசேகரம் கடைசித் துரும்பைப் பிடித்தார். "சரி. ஆனா ஓடிப் பாக்காமல் முடிஞ்சதெண்டு சொல்ல ஏலாது. றைன் ஆத்துக்குக் கொண்டுபோகவேணும். லைசென்ஸ் என்னட்டத்தானே இருக்கு. பெயின்ற் பிறகு பாப்பம்."

ஜெயமலர் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன?"

"என்ர லைசென்ஸ். வியாழக்கிழமை தபாலில வந்தது. முதல்தரமே பாஸ்."

குணசேகரம் மூன்றாந்தரம் பாஸானவர். "எப்ப படிச்சனீர்?"

"சனிக்கிழமையளில. இவ்வளவு காலமும் சனியெண்டால் உங்களுக்குச் சமைச்சு, உங்களோட கடைக்குப் போய்ப் பொழுது போயிடும். இந்த முறை நீங்கள் கராஜுக்குள்ள போய் இருந்தியள். ஒரு சனியெண்டாலும் எங்க போறாயெண்டு கேட்டனீங்களோ?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி குணசேகரத்தின் நெஞ்சில் கொஞ்ச நேரம் நின்றது. வாய்க்கு வந்த பதினைந்தாவது வேலையை விழுங்கிக்கொண்டு, அந்தப் பழைய காற்சட்டையை எடுத்துப் போட்டார். சனி முழுக்க அடித்தார். இரண்டு பூச்சு. அடுப்புக்கு மேலே மூன்று.

ஞாயிறு காலை றைன் கரை. ஜெட் ஸ்கி தண்ணீரில் இறங்கியது. முன் இருக்கையில் ஜெயமலர். நேற்று ரோலர் தூக்கிய கை வலியில் முனகிக்கொண்டு பின்னால் ஏறப்போனார் குணசேகரம். படகுத்துறைப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். ஓட்டுபவர் என்ற இடத்தில் ஜெயமலர் தன் பெயரை எழுதினாள். கூட வருபவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். அடுத்த கேள்வி, கூட வருபவருக்கு நீந்தத் தெரியுமா?

ஏழு வருசமாக ஜெட் ஸ்கி ஓட்டுகிற குணசேகரம் வானத்தைப் பார்த்தார்.

ஜெயமலர் பெரிய எழுத்தில் "நைன்", அதாவது இல்லை, என்று எழுதினாள்.

அந்தப் பெண் அவருடைய கறுப்பு மிதவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்துவரை மூடுகிற ஒரு செம்மஞ்சள் சட்டையைப் போட்டுவிட்டாள். அதில் நூலில் கட்டிய விசில் ஒன்று தொங்கியது. ஜெயமலர் அதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பயமெண்டால் ஊதுங்கோ. கத்தினால் எனக்குக் கேளாது."