கறுப்புக் குடை

அன்று மழையில் நனைந்த நம்மவர்கள் ஐந்து பேர். அப்பா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, பயிற்சியாளர், நம் அணியின் தண்ணீர் மேஜையைப் பார்த்துக்கொண்ட அம்மாள், தடத்துக்குள்ளே மகள். ஆறாவதாகத் தானும் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

"அண்ணா, போர்டைப் பாருங்க. நம்ம நம்பருக்கு நேரா சிவப்பா ஒண்ணு விழுந்திருக்கு" என்றார் சித்தப்பா.

அப்பா பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சிவப்புதான்.

உலகப் போட்டி. பெண்களுக்கான முப்பத்தைந்து கிலோமீட்டர் நடை. ஒரே சாலையில், இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே, ஒரு கிலோமீட்டர் சுற்றை முப்பத்தைந்து தடவை சுற்ற வேண்டும். விடிந்ததிலிருந்து விடாத மழை. தடுப்புக்கு வெளியே வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

"சிவப்புன்னா என்ன அர்த்தம்?"

பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "எப்பவும் ஒரு கால் தரையில இருக்கணும் சார். ரெண்டும் சேர்ந்து தூக்கிடுச்சுன்னா அது ஓட்டம். முன்கால் முட்டி மடங்கினாலும் தப்பு. எட்டு நடுவருங்க. ஒரு நடுவர் ஒரு ஆளுக்கு ஒரு சிவப்புக் கார்டுதான் போடலாம். மூணு சேர்ந்தா தடத்தோரம் இருக்கிற அந்தத் தண்டனைக் கூண்டுக்குள்ள மூன்றரை நிமிஷம் நிக்கணும். நாலு சேர்ந்தா வெளியே."

"எம்பொண்ணு ஓடினாளா? எங்க வம்சத்துலயே ஒருத்தியும் ஓடினதில்ல."

"அண்ணா, அத்தை மக..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"அவ ஓடலை. பஸ்ல போனா."

அப்பா ஓய்வு பெற்ற நில அளவையாளர். நாற்பது வருடம் சங்கிலி பிடித்து அடுத்தவர் நிலத்தை அளந்தவர். ஒரு விரற்கடை விட்டுக்கொடுத்ததில்லை. அவர் முதுகும் நட்டு வைத்த அளவுக்கல் மாதிரிதான் இருக்கும். அன்று காலை விடுதி அறையில் மகள் கால் விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டே, "வலது முட்டி சரியில்லப்பா. நடுவுல நின்னுட்டா என்ன?" என்று கேட்டிருந்தாள்.

"நம்ம வீட்டுல எடுத்ததைப் பாதியில விட்டவங்க கிடையாது. பிடிச்சு வெளியே தள்ளினா அது வேற. அது அவங்க தப்பு. நாமளா நிக்கிறது நம்ம தப்பு."

மகள் ஷூவைப் போட்டாள். கட்டிய ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

இப்போது அப்பா தடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு, அவள் கடந்து போகும் நேரம் பார்த்து, "முட்டியை நிமிர்த்து! காலைத் தரையில வை!" என்று கத்தினார். மகள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த சுற்று முடிவதற்குள் போர்டில் இரண்டாவது சிவப்பு.

"கத்தாதீங்க சார்" என்றார் பயிற்சியாளர்.

அப்பா கத்தவில்லை. நியாயம் கேட்கப் போனார். வளைவில் நின்ற நடுவரிடம், தரைக்கும் காலுக்கும் உள்ள இடைவெளியை வெறும் கண்ணால் எப்படி அளக்க முடியும், அளவுகோல் எங்கே, சாட்சி யார் என்று வரிசையாகக் கேட்டார். நடுவருக்கு நம் பாஷையில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. தலையாட்டிக்கொண்டே அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஏதோ எழுதி, உதவியாளரிடம் கொடுத்தனுப்பினார்.

மூன்றாவது சிவப்பு.

இருபத்து நாலாவது கிலோமீட்டரில் மகள் கூண்டுக்குள் போய் நின்றாள். மற்ற நாட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் கண்ணை மூடி, முகத்தை மழைக்குக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்பாவால் பார்க்க முடியவில்லை. ஊரில் உறவுக்காரர்கள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

"அவமானத்துல குன்றிப் போய் நிக்கிறா" என்றார்.

தண்ணீர் மேஜை அம்மாள் பாட்டிலைத் துடைத்தபடி, "அய்யா, ஒண்ணு சொல்லட்டுங்களா" என்றாள்.

"நீங்க பாட்டிலைப் பாருங்கம்மா."

அம்மாள் பாட்டிலைப் பார்த்தாள்.

மூன்றரை நிமிடம் முடிந்து மகள் மறுபடியும் தடத்துக்கு வந்தாள். இனி ஒன்று விழுந்தால் வெளியே. அப்பா கையில் இருந்தது குடை ஒன்றுதான். பெரிய கறுப்புக் குடை, வெயிலிலும் மழையிலும் வரப்பு வரப்பாக அவரோடு நடந்த குடை. பார்வைக் கோடு எங்கே போகிறது, அதை எங்கே மறிக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனித்தார். விளக்குக் கம்பத்தடியில் நின்ற நடுவரை நெருங்கும்போது மகளின் நடை கெட்டது. அடுத்த சுற்றில் அப்பா அங்கே, நடுவருக்கும் தடுப்புக்கும் நடுவே, குடையை விரித்து நின்றார். நடுவர் இடப்பக்கம் நகர்ந்தார். குடையும் இடப்பக்கம் நகர்ந்தது. மகள் கடந்து போய்விட்டாள். கார்டு இல்லை.

அதற்கு அடுத்த சுற்றில் பேருந்து நிறுத்தத்தருகே நின்ற நடுவர் முன்னால் தடுமாறினாள். அப்பா அங்கே போனார். பிறகு மருந்துக்கடை வாசலில். பிறகு மறுபடியும் கம்பத்தடியில். அறுபத்தெட்டு வயதில், ஈரச் சட்டையோடு, மூச்சு வாங்க வாங்க, தடுப்பு ஓரமாகவே அலைந்தார்.

"அண்ணா, நீங்களும் போட்டியில சேர்ந்துட்டீங்களா?" என்றார் சித்தப்பா.

"பேசாதே. மருந்துக்கடைக்காரன் எட்டிப் பார்க்கிறான்."

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் காவலர்கள் இரண்டு பேர் வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அவர்தான் காவலர்களை அழைத்துப் போகிறார் என்று தோன்றும்படி நிமிர்ந்து நடந்தார். அதற்குள் மகள் கடைசிச் சுற்றில் நடுவர்களையெல்லாம் தாண்டிவிட்டாள்.

முடித்தாள். கடைசி ஆளாக. கோட்டைத் தாண்டியதும் அப்படியே விழுந்தாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அதன்மேல் பனிக்கட்டிப் பை.

"பாதியில விடலை பார்த்தியா!" என்றார், காவலர்கள் விட்டதும் வந்து நின்ற அப்பா.

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு குடையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

சித்தப்பா அதற்குள் ஊருக்குப் போன் போட்டாகிவிட்டது. "ஆமா, நாலாவது கார்டு விழ இருந்துச்சு. அண்ணன்தான் குடையைப் பிடிச்சுக் காப்பாத்தினார். குடும்ப மானமே பிழைச்சுது! எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க!"

பக்கத்தில் காலி பாட்டில்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த தண்ணீர் மேஜை அம்மாள் நிமிர்ந்தாள்.

"காப்பாத்தினாரா? பாட்டில் வாங்கும்போதெல்லாம் அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டுச்சு, 'அக்கா, இன்னும் கார்டு போடாத நடுவர் எங்க நிக்கிறாரு?'ன்னு, நான் காட்டின ஆள் முன்னாடியெல்லாம் போய் அந்த முட்டியோட குதிச்சுக் குதிச்சுக் காட்டிச்சு, ஒவ்வொரு தடவையும் குறுக்க ஒரு குடை."