முதல் திங்களுக்கு ஒரு வரி

வனசாரி மாவட்ட அலுவலகத்தில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கொடி அணிவகுப்பு; அன்று பொதுமக்கள் கவுன்ட்டர் திறக்காது. காக்கிச் சீருடையில் எல்லோரும் மைதானத்தில் நிற்க வேண்டும் என்பது விதி, மறந்துபோவது வழக்கம். இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகளாக ஒரு சச்சரவும் வந்ததில்லை.

செயலாளர் பாக் ஹர்ஜந்தோ, அதாவது ஹர்ஜந்தோ ஐயா, ஜகார்த்தாவில் மூன்று நாள் கணினிப் பயிற்சி முடித்து, சட்டம் போட்ட சான்றிதழோடு திரும்பினார். வந்ததும் கணினிப் பிரிவு வினார்னியைக் கூப்பிட்டார். பதினொரு வருஷமாகத் தற்காலிக ஊழியை. அவளை நிரந்தரமாக்கும் கோப்பு அவருடைய சுருக்கொப்பத்துக்காக அந்த மேசையிலேயே கிடந்தது.

"அணிவகுப்பு ஆணையை இனிமே கம்ப்யூட்டரே எல்லார் போனுக்கும் அனுப்பணும், வின். ஒரு கிரான் வரி போதும். நானே எழுதிட்டேன்."

எந்த நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமையில் வேலை செய்ய வேண்டும் என்று கணினிக்குச் சொல்வதுதான் கிரான் வரி. முதல் திங்கள் ஏழாம் தேதிக்குள் வந்துவிடும் என்பதால், அவர் தேதிக்கு 1-7, கிழமைக்குத் திங்கள் என்று காகிதத்தில் எழுதி, ஊதா முத்திரையும் குத்தியிருந்தார்.

"பாக், இப்படி ரெண்டையும் குடுத்தா, ஒண்ணு பொருந்தினாலே போதும்னு அது எடுத்துக்கும். முதல் ஏழு நாளும் அனுப்பும், எல்லாத் திங்களும் அனுப்பும்."

"ரெண்டும் பொருந்தணும்னுதானே எழுதியிருக்கேன்?"

"நீங்க அப்படித்தான் எழுதியிருக்கீங்க. அது அப்படிப் படிக்காது."

"செயலாளர் எழுதினதை வேற மாதிரிப் படிக்க அதுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? சரி, உங்கிட்ட சான்றிதழ் இருக்கா?"

வினார்னி கோப்பைப் பார்த்தாள். வரியை அப்படியே ஏற்றினாள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, புதன். காலை ஆறு மணிக்கு எல்லார் போனிலும் ஆணை வந்தது, எண்ணோடும் மின்கையொப்பத்தோடும். சட்டப் பிரிவு தீர ஆலோசித்து, கையொப்பமிட்ட ஆணை தவறாக இருக்க முடியாது, எனவே நாள்தான் தவறு என்று கண்டுபிடித்தது. அன்றைய தினத்தை முதல் திங்களாகக் கருதும்படி சுற்றறிக்கை போனது. வியாழனும் வெள்ளியும் அவ்வாறே கருதப்பட்டன. ஞாயிறு கருதப்பட்டபோது சிலர் முணுமுணுத்தார்கள். காக்கியில் வந்துதான் முணுமுணுத்தார்கள்.

வினார்னிக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி போனாள்.

"வரியைத் திருத்திடலாமா, பாக்?"

"திருத்தக் குழு கூடணும்."

"எப்பக் கூடும்?"

"காலை ஏழு மணிக்கு."

"அப்ப எல்லாரும் மைதானத்துல நிப்பாங்களே?"

"அதனாலதான் இன்னும் கூடலை."

மாத முடிவில் மாகாணத்திலிருந்து விருது வந்தது. ஒரே மாதத்தில் பத்து முதல் திங்கட்கிழமைகளை அனுசரித்த ஒரே மாவட்டம் வனசாரிதானாம். பூரித்துப்போன பாக் ஹர்ஜந்தோ அவளுடைய கோப்பைக் கையில் எடுத்தார்.

"வரி சரியா இருக்குன்னு நீ எழுதிக் குடு. கையோட இதுலயும் போட்டுடறேன்."

பதினொரு வருஷம். அவள் எழுதிக் கொடுத்தாள். அவரும் போட்டார்.

மறுநாள் ஒன்றாம் தேதி, வெள்ளி. புதுக் காக்கியில், நிரந்தர ஊழியர் வரிசையில் வினார்னி நின்றாள். வேலிக்கு வெளியே பு துகியெம், அதாவது துகியெம் அம்மா, பேரனின் பிறப்புச் சான்றிதழுக்காகப் போன மாதத்திலிருந்து நடக்கும் பாட்டி.

"பு வினார்னி, கவுன்ட்டர் எப்பத் தொறப்பீங்க? பள்ளிக்கூடச் சேர்க்கை அடுத்த வாரத்தோட முடியுது."

"இன்னிக்கு முதல் திங்கள், பு. செவ்வாய்க்கிழமை வாங்க."

"செவ்வாய் என்னிக்கு வருது?"

"எட்டாம் தேதி."

சொன்ன வாய் கூசியது. ஆனால் தேசிய கீதம் தொடங்கிவிட்டதால் வினார்னி நிமிர்ந்து நின்றாள்.

பு துகியெம் விரல் விட்டு எண்ணினாள். வெள்ளியில் வந்து முடிந்தது. இன்னொரு தரம் எண்ணினாள். பிறகு மகளுக்குப் போன் போட்டாள்.

"செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிட்டாங்கம்மா. வீட்டுல மாட்டியிருக்கற காலண்டர் தப்புப் போலிருக்கு, கழட்டி வச்சிடு."