உப்பில்லா மாஸ்டரின் பாதி பிஸ்கோத்து

காரைக்கால் தெருநாய்களுக்கு ஒரு காலத்தில் கிடைத்த ராஜமரியாதை, உலகத்தில் வேறெந்த ஊர் நாய்க்கும் கிடைத்திருக்காது. அடித்துச் சொல்வேன். காரணம், எங்கள் தெரு பேக்கரியில் ரொட்டி போட்ட உப்பில்லா மாஸ்டர். அவருடைய நிஜப்பெயர் பெற்ற தாய்க்காவது ஞாபகமிருந்ததா என்பது சந்தேகம்.

எழுபதுகளின் கடைசியில் அந்த பேக்கரியின் மாடியில் குடியிருந்த கிளார்க் நான். காலை ரொட்டியெல்லாம் வெந்து வெளியே வந்ததும், அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் மாஸ்டர் நாய் பிஸ்கோத்து சுடுவார். கேழ்வரகு மாவு, வேகவைத்த பரங்கிக்காய், காரைக்கால்மேடு மீனவர் குப்பத்திலிருந்து வாங்கிவந்து முள் எடுத்த பொடிமீன், முட்டை. அவ்வளவுதான்.

"ஒரு சிட்டிகை உப்பு போட்டா என்னங்க மாஸ்டர்?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"சார், நீங்க பி.ஏ. படிச்சவரு! நாய் ஒடம்புக்கு உப்பு ஆவுமா? சக்கரை ஆவுமா? அது வாயத் தொறந்து வயித்த வலிக்குதுன்னு சொல்லுமா? நாமதான் பாத்து செய்யணும்!"

சுட்டதை வீசி எறிகிற வழக்கமும் கிடையாது. ஒவ்வொரு நாய்க்கும் எதிரே குந்தி உட்கார்ந்து, முதல் பாதியைத் தான் கடித்து மென்று காட்டிவிட்டு, மறுபாதியை நீட்டுவார். பதினோரு நாய் வந்தால் பதினோரு பாதி உள்ளே போகும். அவருக்குக் காலைப் பலகாரமே அதுதான்.

விஷயம் வெளியே பரவியது. "நாய்க்குச் சுடுற அடுப்புலயா நமக்கும் ரொட்டி?" என்று ஒரு அம்மா வாங்கிய ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி கொதித்துப்போனார்.

"இன்னியோட நிறுத்துங்க மாஸ்டர். இல்லேன்னா வேற கடை பாத்துக்குங்க!"

மாஸ்டர் முகம் செத்துவிட்டது. அவர் கைக்கு வேறு கடை உடனே கிடைக்கும். நாய்க்கு அடுப்பு விடுகிற கடை எங்கே கிடைக்கும்?

அந்த வாரமே முதலாளியின் செல்ல அல்சேஷன் டைகர் படுத்துவிட்டது. பிரியாணியும் ஜாங்கிரியும் தின்று வளர்ந்த ஜீவன், மூன்று நாளாக எதையும் தொடவில்லை. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "உப்பு, இனிப்பு, எண்ணெய் மூணும் கூடாது. வேற எதையாவது தின்னாதான் பொழைக்கும்" என்று சொல்லிவிட்டார்.

மாஸ்டர் துள்ளிக் குதித்து ஓடினார்.

"மொதலாளி, ஒரே ஒரு தட்டு சுட்டுக்கிறேங்க! டைகர் தின்னா அடுப்ப விடுங்க. தின்னலேன்னா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேங்க!"

மறுநாள் காலை தெருவே முதலாளி வீட்டு வாசலில் கூடிவிட்டது. அடேயப்பா, திருவிழாக் கூட்டம்! மாஸ்டர் சலவை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக, தாம்பாளத்தில் பிஸ்கோத்தை ஏந்திக்கொண்டு சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி வந்தார். ஒன்றை எடுத்துப் பவ்யமாக நீட்டினார்.

டைகர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

இன்னொன்றை நீட்டினார். மறுபடியும் திருப்பிக்கொண்டது. கூட்டம் உச்சுக் கொட்டியது. முதலாளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"மாஸ்டர்! நீங்க கடிக்கவேயில்லையே!"

"மொதலாளி வூட்டுல, நாலு பேருக்கு முன்னாடி எச்சப் பண்ணி எப்டிங்க குடுக்குறது?" என்று குன்றிப்போய்ச் சொன்னார் மாஸ்டர்.

"எச்சிலாவது ஒண்ணாவது, கடிங்க மாஸ்டர்!" என்று கத்தியவர் வேறு யாருமில்லை, முதலாளிதான்!

மாஸ்டர் சலவை வேட்டியோடு மண்ணில் குந்தினார். 'கறுக்'கென்று கடித்தார். டைகரின் ஒரு காது நிமிர்ந்தது. ரசித்து மென்றார். மறுகாதும் நிமிர்ந்தது. மறுபாதியை நீட்டினார். லபக்! தெருவே விசிலடித்தது. தாம்பாளம் பாதி காலியானபோது முதலாளி பேக்கரி அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார். அதற்கப்புறம் டைகரும் தினமும் தெருநாய்களோடு வரிசையில் வந்து உட்கார்ந்தது.

போன வாரம் என் வீட்டு நாய்க்குட்டி ஏனோ சாப்பிடாமல் படுத்துவிட்டது. கேழ்வரகும் பரங்கிக்காயும் பிசைந்து நானே சுட்டேன். நீட்டினால் மூஞ்சியைத் திருப்புகிறது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தரையில் குந்தி, பாதியைக் கடித்தேன். அதன் பாதியை அது லபக்கென்று விழுங்கிவிட்டது.

என் பாதிதான் உப்பில்லாமல் உள்ளே இறங்கவில்லை, மாஸ்டர்.