மச்சானுக்கு, என் வயிற்றில் ஊசி குத்திய விவரம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்களும் அக்காவும் அங்கே அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதியது ஒரு மரியாதைக்காகத்தான். உண்மையில் ஆறு நாளாக என்னால் பெல்ட் போட முடியவில்லை. லுங்கியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, நின்றபடி சாப்பிட்டு, நின்றபடியே இதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் தங்கை பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு நான்கு நாள். நான் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று ஏதோ சொன்னாள். குழாய்ச் சத்தத்தில் "அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். போன் செய்தால் "இப்ப கை வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாள். உங்கள் வீட்டில் அவளுக்கு அப்படி என்ன கை வேலை? கோபம் மச்சான், கோபம். என்மேல் சந்தேகப்பட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. வயிற்றில் ஊசி குத்திக்கொண்டேன், அவ்வளவுதான். எப்படி என்று சொல்கிறேன்.

நான் நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தது உங்களுக்குத் தெரியும். எட்டுப் பேர் ஏறக்கூடிய லிஃப்டில், அதைச் சரிசெய்யப் போன மெக்கானிக்காகிய நான் ஏறினால், ஆறாவது ஆளுக்கே மணி அடித்துவிடும். முழங்கால் டாக்டர் மிரட்டியதில் இரண்டு வருஷம் வாயைக் கட்டி எண்பத்தொன்றுக்கு வந்தேன். சதை போய்விட்டது, ஆனால் தோலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து தொப்புள்வரை வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். சட்டைக்குள் இருக்கிற வயிறுதானே என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் அதே டாக்டர் முழங்காலுக்கு நீச்சல் நல்லது என்றார். முதல் நாள் குளத்தில் இறங்குகிறேன், தண்ணீருக்குள் நின்றிருந்த ஒரு பொடிப்பயல் என் வயிற்றையே பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களப் புலி பிராண்டிடுச்சா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். அதுதான் இன்னும் அவமானமாகப் போய்விட்டது. மறுநாள் நான் போகவில்லை. வீட்டில்கூடப் பனியன் இல்லாமல் நிற்பதை விட்டேன். இத்தனை வெக்கையிலும் பனியனோடு படுக்கிறேன். உங்கள் தங்கை ஒரு நாள், "ஏன், குளிருதா?" என்றாள். ஆமாம் என்றேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் லிஃப்ட் பராமரிக்கிற கட்டடங்களில் ஒன்றில் நாலாவது மாடியில் ஒரு தோல் க்ளினிக் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, லிஃப்ட் பார்க்க வந்தவன் மாதிரியே டூல் பையோடு உள்ளே நுழைந்துவிட்டேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. பேனா மாதிரி ஒன்றைக் காட்டினாள். அதன் முனையில் மயிரிழை போலப் பத்துப் பன்னிரண்டு ஊசிகள். "இதால பொடிசு பொடிசா குத்துவோம் சார். காயம் பட்டுடுச்சுன்னு தோல் தன்னைத்தானே சரிபண்ண ஆரம்பிக்கும். அதுல கோடு மங்கும். முழுசா போகும்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுது பழசு, வெள்ளையாயிடுச்சு, மெதுவாத்தான் கேக்கும். ஒரு மாசத்துக்கு மேல இடைவெளி விட்டு நாலஞ்சு தடவை வரணும்" என்றாள். சரி என்று படுத்தேன். மரத்துப்போகிற க்ரீமைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி முக்கால் மணி நேரம் ஊறப்போட்டார்கள். குத்தும்போது பேச்சுக் கொடுத்தால் வலி தெரியாதே என்று, "இது ஆம்பளைங்களுக்கும் வருமா டாக்டர்?" என்று கேட்டேன். "வயிறு பெருசாகிச் சிறுசாகிற யாருக்கும் வரும் சார். பிள்ளை பெத்தவங்களுக்குத்தான் ரொம்ப. உங்க வீட்டம்மாவுக்கு இல்லையா?" "தெரியலையே." "எத்தனை பசங்க?" "ரெண்டு." டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அதற்கப்புறம் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள் என்று நினைக்கிறேன்.

போன செவ்வாய் இரண்டாவது தடவை. அவசரத்தில் அன்றைக்கு லிஃப்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். க்ரீம் தடவி, பிளாஸ்டிக் சுற்றி, ரோஸ் நிற கவுன் ஒன்றை மாட்டிவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரே கூச்சல். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டதாம். "மெக்கானிக்கைக் கூப்பிடுங்க!" என்று வாட்ச்மேன் கத்துகிறார். "மெக்கானிக் உள்ளதான் படுத்திருக்காரு" என்று வரவேற்பில் இருந்த பெண் சாவதானமாகச் சொல்கிறாள். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வயிறு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் மரத்துக்கிடக்க, கவுனோடு மொட்டைமாடிக்கு ஓடி, மெஷின் ரூமில் மின்சாரத்தை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி லிஃப்டை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து, கீழே இறங்கிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தேன். உள்ளே நின்றது யார் தெரியுமா? பள்ளிக்கூட ஆபீசில் உங்கள் தங்கைக்குப் பக்கத்து மேஜையில் உட்காருகிற அம்மாள். பயந்து வியர்த்துப்போயிருந்தவள், என்னைப் பார்த்ததும் இன்னும் பயந்துவிட்டாள். என் கவுன் முடிச்சு அவிழ்ந்திருந்தது. "அண்ணே, நீங்களா?" என்றாள். "சர்வீஸ்" என்றேன். வேறென்ன சொல்வது? முடிச்சைப் பிடித்துக்கொண்டு நாலாவது மாடிக்கே திரும்பிப் போய்ப் படுத்துக் குத்திக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் உங்கள் தங்கை வெங்காயம் அரிந்துகொண்டே, "லிஃப்ட் சரியாயிடுச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"கவுன் போட்டாத்தான் சரியாகுமோ?"

"கிரீஸ் படாம இருக்கறதுக்கு."

அப்புறம் ஒரு கேள்விகூட இல்லை. அவள் கேள்வி கேட்டால் எனக்குப் பயமில்லை மச்சான், இருபத்தெட்டு வருஷப் பழக்கம். கேட்காமல் விட்டால்தான் பயம். வயிற்றின் பாடோ தனி. க்ளினிக்கில் வியர்க்கக் கூடாது என்றார்கள், ஆனால் மெஷின் ரூமில் வியர்க்காமல் எவன் வேலை பார்ப்பான்? வெயில் கூடாது, இறுக்கம் கூடாது, நீச்சலும் கூடாதாம். நீச்சலுக்காகத்தானே ஐயா இத்தனையும்! எரிச்சல் ஒரு பக்கம், வெறும் வீடு ஒரு பக்கம். எனக்கு அலுத்துவிட்டது. இனி அந்த நாலாவது மாடிக்கு நான் ஏறப்போவதில்லை. ஆகவே, வேறு பெண் யாரும் கிடையாது, இருந்ததெல்லாம் ஒரு பேனாவும் பன்னிரண்டு ஊசியும்தான் என்று நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லி உங்கள் தங்கையை அனுப்பிவைக்க வேண்டும்.

உங்கள் ரத்த அழுத்தம் ஏறாமலும், அக்காவின் இடுப்பு பிடிக்காமலும், உங்கள் கட்டடத்து லிஃப்ட் எந்நாளும் நடுவழியில் நிற்காமலும் இருக்க வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள,
வீட்டில் தனியாக நிற்கும் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, மாமாவுக்குக் கண் கட்டு எடுத்தாச்சாம். ஆனா இன்னும் கொஞ்ச நாளைக்கு எதையும் படிக்கக் கூடாதாம். அம்மாதான் மணி பாத்து சொட்டு மருந்து விடுறாங்க" என்றாள். "எந்த மாமாவுக்கு? என்ன கட்டு?" என்றேன். "கண் ஆபரேஷன்ப்பா. அம்மா உங்ககிட்ட மூணு தடவை சொன்னாங்களாம்." அப்படியானால் சந்தேகம்? "உங்க மேலயா? க்ளினிக் சீட்டு உங்க சட்டைப் பையிலதானே கிடந்துச்சு. துணி துவைக்கிறது யாரு?" என்று சிரிக்கிறாள். மச்சான், மன்னிக்கவும். மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. கிழித்துவிட்டு வேறு எழுதத் தெம்பில்லை. நீங்கள் படிக்கக் கூடாதென்றால், இதை இப்போது சத்தமாகப் படித்துக்காட்டுவது யார் என்பதும் எனக்குப் புரிகிறது. ஏம்மா, இதுவரை படித்ததை ஒன்றும் செய்ய முடியாது. இனிமேல் வருவதை மனசுக்குள் படி. முப்பத்தொரு கிலோ இறங்கியதற்கே எனக்கு இவ்வளவு கூச்சம். நீ இரண்டு பெற்றுவிட்டு இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வந்ததும் கேட்கிறேன். சீக்கிரம் வா. ஏன் நிறுத்திவிட்டாய் என்று மச்சான் கேட்டால், கையெழுத்து புரியவில்லை என்று சொல்லிவிடு.