சொந்தக் கையால் செய்த புகைப்பெட்டி

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. புகையைக் கண்டுபிடித்தவர் பெயர் கோட்டூர்புரம் முழுக்கத் தெரியும். அவர் திருவாளர் சங்கரன். பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற்ற அரசு அதிகாரி. தெருவின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்.

1996இல் அவர் டெக்ஸாஸில் மகன் பரத்வாஜ் வீட்டில் மூன்று மாதம் தங்கித் திரும்பியபோது, பெட்டியில் பாதாமும் தலையில் ஞானமும் கொண்டுவந்தார். அங்கே அவனவன் கொல்லைப்புறத்தில் இரும்பு டிரம்மை வெட்டி, ஒட்டி, உள்ளே கரி போட்டு மூடி, புகையிலேயே பண்டங்களை வேகவைக்கிறானாம். வெல்டரைக் கூப்பிடுவதே கிடையாதாம். "உழைப்பின் மேன்மை" என்று சங்கக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். அந்த மேன்மையை நிலைநாட்ட, மறுநாளே கே.கே. நகருக்கு வெல்டரைத் தேடிப் போனார்.

அங்கே பட்டறை வைத்திருந்தவரின் மகள் ஜெயபாரதி. மெக்கானிக்கல் என்ஜினீயர். அந்த வம்சத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்று அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, பற்றவைப்பில் அனுபவச் சான்று கேட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்தே வெல்டிங் ராடு பிடித்த கை. அப்பாவின் கடைத் தாளில் சான்று வாங்கிப் போனாள். "அப்பா பொண்ணுக்குக் குடுக்கறது சான்று இல்லம்மா, ஆசீர்வாதம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பொறுப்பான வெளியாள் யாராவது எழுதித் தர வேண்டும்; மாதக் கடைசிக்குள்.

சங்கரன் நீட்டிய படத்தை அப்பா தலைகீழாகவும் பார்த்தார். "இன்னா சார் இது, ரயில் என்ஜின் கவுந்தாப்ல கீது?"

"ஸ்மோக்கர்" என்றார் சங்கரன்.

"பீடியா, சிகரெட்டா சார்?"

ஜெயபாரதி படத்தை வாங்கினாள். "நான் செய்யறேன் சார். நான்தான் செஞ்சேன்னு பச்சை மையில ஒரு லெட்டர் குடுங்க. எனக்கு அதான் வேணும்."

"அதுக்கென்ன, பேஷா குடுக்கறேன்."

பத்து நாள் ஜெயபாரதி கோட்டூர்புரத்துக்கு பஸ் ஏறினாள். அளவெடுத்தாள், வெட்டினாள், தேய்த்தாள், பற்றவைத்தாள். தீப்பொறி பட்டு இரண்டு துப்பட்டா ஓட்டையானது. சங்கரனின் பங்களிப்பும் குறைந்ததல்ல. அவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் "தலைமை தாங்கினார்". சம்சாரம் சூடாமணி மட்டும் ஜன்னல் வழியே பார்த்து, "கத்திரிக்காய் சுட கேஸ் அடுப்பு இருக்கோன்னோ? இதுக்கு எதுக்கு ஒரு ரயில் வண்டி?" என்றாள். தொலைநோக்கு இல்லாத பெண்மணி.

பத்தாம் நாள் வட்டாரப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். "நீ சித்த தள்ளி நில்லும்மா, நிழல் விழறது" என்றார் சங்கரன். ஜெயபாரதியின் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ராடைத் தலைகீழாகப் பிடித்து நின்றார். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. மறுவாரம் படம் வந்தது: "தன் கையே தனக்கு உதவி: அதிகாரியின் அரிய சாதனை."

ஜெயபாரதி பத்திரிகையோடு வந்து நின்றாள். "சார், லெட்டர்?"

"நீயே யோசிச்சுப் பாரும்மா. நான் செஞ்சதுன்னு பேப்பர்லயே வந்துடுத்து. இப்போ நீ செஞ்சேன்னு பச்சை மையில எழுதினா, ஒரு அரசு அதிகாரி பொய் சொன்ன மாதிரி ஆயிடாதோ?"

நாட்டில் நேர்மை இன்னும் செத்துவிடவில்லை என்பது ஜெயபாரதிக்கு அப்போதுதான் விளங்கியது.

பேசிக்கொண்டே சங்கரன் பெட்டிக்குள் கரிக்கு நேர் மேலே ஒரு புதுத் தகட்டைத் தட்டாகப் பொருத்திக்கொண்டிருந்தார். "உள்ள ஒரே கறுப்பு. லட்சணமாவே இல்ல. இது பாரு, எப்படி மின்னறது."

"சார், அது ஜி.ஐ. தகடு. மேல இருக்கறது துத்தநாகப் பூச்சு. நெருப்புல காட்டினா விஷப்புகை வரும். ஜுரத்துல படுத்துடுவாங்க. எடுத்துடுங்க."

"நீ வெல்டிங் பண்றவ. இது சமையல்."

ஞாயிறு மாலை தெருவே கூடியது. கத்திரிக்காய், அன்னாசி, பனீர் எல்லாம் புகையில் கிடந்தன. சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் காஸ்பர், ஒரு துண்டைக் கடித்துவிட்டு யோசித்தார். "வாயில சாவிக்கொத்தை வச்ச மாதிரி இருக்கே."

"அதுதான் சார் டெக்ஸாஸ் ருசி."

மறுநாள் பதினொரு பேர், வைகாசி வெயிலில், கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவசரக் கூட்டம் போட்டார்கள், சங்கரன் வீட்டுக் கூடத்திலேயே.

"பெட்டியைச் செஞ்சது யாரு?" என்றார் காஸ்பர். "நம்ம செயலாளர்தானே? பேப்பர்ல பார்த்தேனே. அப்போ பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்."

"நானா?" சங்கரன் எழுந்துவிட்டார். "எனக்கு ராடை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது சார். எல்லாம் அந்தப் பொண்ணு பண்ணினது."

பட்டறைக்குப் போன் பறந்தது. ஜெயபாரதி வந்து சேர்வதற்குள் சங்கரன் பச்சை மையில் எழுதி முடித்திருந்தார். அவரே கம்பீரமாக வாசித்தார்: "மேற்படி புகைப்பெட்டியின் வடிவமைப்பு, அளவெடுப்பு, வெட்டு, பற்றவைப்பு ஆகிய சகலமும் கே.கே. நகர் செல்வி ஜெயபாரதி, பி.ஈ., ஒருவராலேயே செய்யப்பட்டவை. இவற்றில் எனக்கு எள்ளளவும் பங்கில்லை என உறுதி கூறுகிறேன்."

ஜெயபாரதி தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். ஒரு பிழையும் இல்லை.

"சார், இன்னொரு பிரதி எழுதிடுங்க. ஒண்ணு சங்கத்துக்கு, ஒண்ணு எனக்கு. முத்திரையும் வேணும்."

பழி கைமாறும் அவசரத்தில் சங்கரன் இரண்டாவதையும் எழுதி, இரண்டிலும் முத்திரை குத்தினார். ஜெயபாரதி தன் பிரதியை நேர்முகக் கடிதத்தோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். பிறகு கொல்லைப்புறம் போனாள். பெட்டியிலிருந்து அந்தத் தட்டைக் கழற்றிக்கொண்டு வந்து காஸ்பர் முன்னால் வைத்தாள். அதன் பளபளப்பு போய், வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

"ஜுரம் இதுலேர்ந்து வந்தது சார். வேணாம்னு சொன்னேன்."

"நானும் கேட்டுண்டுதான் இருந்தேன்" என்றாள் சூடாமணி, உள்ளிருந்து.

ஜெயபாரதி சங்கரன் பக்கம் திரும்பினாள். "பேப்பர்ல வந்தது பொய்னு யாரும் சொல்லிட முடியாது சார். இந்தத் தட்டு மட்டும் நீங்க சொந்தக் கையால வச்சதுதான்."