வற்றாத குழி

குழியில் தண்ணீர் அப்படியே நின்றது.

தபால்காரர் மண்ணில் குப்புறப் படுத்து இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். குழிக்குள் நட்டிருந்த குச்சியில் அடையாளத்துக்கு ஓர் ஆணி அடித்திருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த ஆணி வரைக்கும் தண்ணீர் ஊற்றியிருந்தார். இப்போதும் அது ஆணியைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. நாள் முழுக்கச் சைக்கிள் மிதித்த கால்கள் கெஞ்சின. தண்ணீருக்கு ஒரு களைப்பும் இல்லை.

"ஏங்க, குறைஞ்சிருக்கா?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒரு நூல்கூட இறங்கலை."

"அப்ப நாளைக்கும் டீச்சரம்மா வீட்டுக்குத்தானா?"

அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

வீட்டின் செப்டிக் டேங்க் அப்பா காலத்தது. ஒரு பக்கச் சுவர் உள்ளே சரிந்துவிட்டது. மீதி இடத்தைப் பக்கத்தில் நின்ற மரத்தின் வேர்கள் பிடித்துக்கொண்டன. கழிப்பறையில் ஒரு வாளி ஊற்றினால் அரை வாளி திரும்பி வந்து நலம் விசாரித்தது. இராத்திரி அவசரத்துக்கு எப்படியோ சமாளித்தார்கள். காலையில் பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான் கதி.

புதிதாகக் கட்டித்தர ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர் கிடைத்தார். நல்ல மனிதர். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்வார்.

"தொட்டியை யார் வேணா கட்டிடலாம், தபால்காரரே. தொட்டியில தெளிஞ்சு வெளிய வருது பாருங்க தண்ணி, அதை மண்ணு குடிக்கணும். உங்க மண்ணு எவ்வளவு குடிக்கும்னு தெரிஞ்சாத்தான் உறிஞ்சுகுழி எவ்வளவு பெருசுன்னு நான் சொல்ல முடியும். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி போட்டுத் தண்ணி ஊத்துங்க. கூடவே உக்காந்து பாக்கிறதுதான் முறை. நீங்க வேலைக்குப் போற ஆளு. காலையில ஊத்திட்டுப் போங்க, சாயங்காலம் வந்து பாருங்க. குடிக்கிற மண்ணுன்னா மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடும்."

கிணறு வீட்டுக்கு முன்னால் இருந்தது. ஆகவே, கழிவுக்குப் பின்புறம்தான் வழி. பின்புறத்தில்தான் சங்கடமே இருந்தது. அங்கே தங்கையின் வீடு இருந்தது.

வீடு என்றால் இன்னும் வீடு இல்லை. சுண்ணாம்புக் கோடு. கணவன் போன பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள், பழைய சைக்கிளும் சாக்குமூட்டையும் கிடந்த பக்கத்து அறையில் இத்தனை வருஷம் காலம் தள்ளிவிட்டாள். தையல் கம்பெனி வேலையில் மிச்சம்பிடித்து, இப்போதுதான் இரண்டு அறை கட்டத் துணிந்திருந்தாள். "பின்பக்கம் உனக்குத்தான்மா" என்று அண்ணன் வாக்குக் கொடுத்து, கொத்தனார் வந்து கோடு போட்டு, முளையடித்துக் கயிறும் கட்டிவிட்டார். அவள் அந்தக் கோட்டை ஒருநாளும் தாண்டியதில்லை. வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போவாள்.

"அண்ணா, சுவத்துல ஏறிக் குதிக்கிறே பாரு. வாசல் அந்தப் பக்கம்" என்பாள். தபால்காரரும் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே போவார்.

மறுநாள் ஓவர்சியர் வந்து முதல் குழியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அடியில களிமண்ணு ஓடுது போல. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

தள்ளிப் போட்டார். இடுப்பு ஒடிய இரண்டாவது குழி. அதற்கும் ஒரு குச்சி, ஓர் ஆணி, கிணற்றிலிருந்து சுமந்த தண்ணீர். அன்று இரவு சாப்பிடும்போது தங்கை கேட்டாள்.

"எதுக்குண்ணா ஊரெல்லாம் குழி தோண்டுற?"

வீடு கட்டப்போகிறவளிடம், உன் வாசலுக்குப் பக்கத்தில் சாக்கடைக்கு இடம் தேடுகிறேன் என்று எந்த அண்ணன் சொல்வான்?

"ஓவர்சியர் தண்ணி நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கார். ஏதோ கணக்கு."

"பாவம் நீ. வேலைக்கும் ஓடிட்டு, இதுலயும் கிடந்து சாகுற" என்று சொல்லி, தன் தட்டில் இருந்ததில் பாதியை அவர் தட்டில் தள்ளினாள்.

இரண்டாவது குழியும் குடிக்கவில்லை.

ஓவர்சியர் படம் போட்டிருந்த காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி வரைந்தார். உறிஞ்சுகுழி ஒன்று இரண்டாயிற்று. அதுவும் போதாதென்று, ஜல்லி போட்டு நீளமாக ஒரு வாய்க்கால் வந்தது. பென்சில் ஓடிய வேகத்தில் அது தங்கையின் சமையலறைக்குள் புகுந்து மூக்கை நீட்டியது.

"சும்மா ஒரு முழம்தான்" என்றார் ஓவர்சியர்.

மறுநாள் விடியலில் தபால்காரர் திருடனைப்போலப் பின்பக்கம் போனார். காலால் பழைய கோட்டை அழித்தார். ஒரு முழம் உள்ளே தள்ளிப் புதுக் கோடு போட்டார். நிமிர்ந்தபோது தங்கை பல் விளக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். அவருடைய கையில் சுண்ணாம்பு.

அவள் கோட்டைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். வாசல் வழியாக உள்ளே போய்ச் சமையலறையில் நின்று, கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள்.

"நல்லதுதான்ணா. கூட்டிப் பெருக்குற வேலை மிச்சம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்று அவர் இரண்டு வீட்டுத் தபாலை மாற்றிப் போட்டுவிட்டு, மறுபடி போய் வாங்கி, சரியாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

மனைவிக்கு ஒரு யோசனை பிறந்தது.

"நம்ம மண்ணு குடிக்கலைன்னா, குடிக்கிற மண்ணைக் கொண்டுவந்து கொட்டுங்க. மேடு மாதிரி."

ஓவர்சியரே அவளை ஒரு தடவை மரியாதையாகப் பார்த்தார். "அப்படியும் ஒரு முறை உண்டு. அம்மா சரியாச் சொல்றாங்க."

மணல் லாரி வந்தது. டிரைவர் நிதானமான ஆள். பின்னால் பார்த்துப் பார்த்துத்தான் வந்தார். ஆனால் பூமிக்குள் பார்க்க யாருக்குக் கண் இருக்கிறது? பழைய தொட்டியின் மூடியில் பின் சக்கரம் ஏறியது. 'மடார்' என்று ஒரு சத்தம். லாரி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

டிரைவர் இறங்கிவந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"என்னண்ணே இது, பழைய கிணறா?"

"இல்ல."

"தெரியுது."

டிராக்டர் வந்து லாரியை இழுத்தது. லாரியோடு கழிப்பறைக் குழாயும் வந்தது. அதுவரை நொண்டிக்கொண்டாவது நடந்த கழிப்பறை அன்றோடு படுத்துவிட்டது. இனி இராத்திரிக்கும் டீச்சரம்மா வீடுதான்.

அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தே விட்டாள். புதுச் சோப்பு வைத்தாள். இவர்கள் வாளியோடு வரும் சத்தம் கேட்டால், கூச்சப்படக் கூடாதே என்று ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். செய்கிற உதவியைச் சத்தமில்லாமல் செய்வார்கள் என்பார்கள். இந்த அம்மாள் சத்தத்துக்குள் ஒளித்துச் செய்தாள். அதற்குக் கைம்மாறாகத் தபால்காரரால் முடிந்தது, தெருக்கோடியில் இருந்து தொடங்கும் தபாலை அவள் வீட்டில் இருந்து தொடங்கியதுதான். அவளுக்கோ மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதிகம்.

"மேடு போட்டாலும் அடிமண்ணு கொஞ்சமாவது குடிக்கணும்" என்றார் ஓவர்சியர், சிதறிய மணலைப் பார்த்துக்கொண்டே. "கடைசியா அங்க ஒரு குழி போட்டுப் பாத்திடுவோம்."

அங்கே என்றால் சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளே. தங்கை வீட்டு நடு அறையில்.

தபால்காரர் வாசல் வழியாகக் கடப்பாரையோடு உள்ளே போனார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தோண்டினார். தண்ணீர் ஊற்றிவிட்டுக் கண்ணை மூடினார்.

"கடவுளே, பெருசா எதுவும் கேக்கலை. இதை மட்டும் குடிக்க வச்சிடு."

சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் அப்படியே போட்டுவிட்டு ஓடினார். குழி நிறைந்திருந்தது. நிறைந்ததோடு நிற்கவில்லை. ஆணி தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

காலையில் ஊற்றியதைவிட அதிகம்.

ஓவர்சியர் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். தண்ணீரில் விரலை விட்டு முகர்ந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊத்து."

"என்னது?"

"கீழே ஊத்துக்கண் இருக்கு. தண்ணி மேல வருது. என் சர்வீஸ்ல இவ்வளவு மேல நான் பாத்ததில்லை."

"முன்னாடி கிணத்துல வாளி தரை தட்டுது" என்றாள் மனைவி. "பின்னாடி ஊத்தா? எங்க வீட்டுக் கடவுளுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியலையே."

ஓவர்சியர் சிரிக்கவில்லை. இந்த ஈரத்தில் அஸ்திவாரம் நிற்காது, வீடு வேண்டாம் என்றார். பின்புறம் முழுவதையும் ஒரு ஆள் உயரத்துக்கு மேடாக்கி, அதற்குள் வரிசையாகக் குழாய் பதித்தால் கழிவுக்கு ஒரு வழி பிறக்கும் என்றார். காலண்டர் தாளில் இப்போது வெற்றிடமே இல்லை. தங்கையின் வீடு இருந்த இடத்தில் பென்சில் கோடுகள் சீப்புப் பல்லைப்போல வரிசையாக நின்றன.

அதைத் தங்கையிடம் சொல்ல அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. சொல்லும்போதும் முழுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

"அந்த இடம் சரியில்லையாம்மா. அங்க வீடு கட்டக் கூடாதாம். ஓவர்சியர் சொல்லிட்டார்."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். ஊசியை அதில் குத்தி வைத்தாள்.

"விடுண்ணா. பழகின ரூமு. ஜன்னலுக்கு மட்டும் ஒரு கொக்கி போட்டுக் குடு, காத்துல அடிச்சுக்குது."

அவர் அன்றைக்கே கொக்கி போட்டார். நேராக நிற்காமல் அது மூன்று தடவை கோணிக்கொண்டது. மனசு கோணலாக இருக்கும்போது கை மட்டும் எப்படி நேராக இருக்கும்?

பொக்லைன் வரும் நாள் வந்தது. தங்கை கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். காலையில் அவளே போய்க் கயிற்றைச் சுருட்டினாள். முளைகளைப் பிடுங்கி அடுக்கினாள். பிறகு, "இத்தனை நாள் அவங்க பாத்ரூமைப் பாழாக்கியிருக்கோம், தேய்ச்சுக் குடுத்துட்டு வரேன் அண்ணி" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனாள்.

ஓவர்சியர் தொழில் சுத்தம் உள்ளவர். இயந்திரம் இறங்குமுன் கடைசியாக ஒரு முறை அளந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். தபால்காரரும் விடிந்ததுமே நடு அறைக் குழியில் ஆணி வரைக்கும் ஊற்றி வைத்திருந்தார். பொக்லைன் எங்கேயோ பழுதாகி நின்று, வெயில் ஏறிய பிறகு இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது.

ஓவர்சியர் குழியருகே குனிந்தவர் நிமிரவில்லை.

"தபால்காரரே. காலையில ஊத்தினீங்களா?"

"ஆணி வரைக்கும்."

"கொஞ்சம் இங்க வாங்க."

குழி காய்ந்து கிடந்தது. அடியில் ஒரு தவளை, ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"ஊத்து எங்க சார்?" என்றாள் மனைவி.

தபால்காரர் ஓடிப்போய் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினார். தவளை குதித்து வெளியே வந்தது. மண் 'உர்ர்' என்று உறிஞ்சியது. இன்னொரு வாளி. அதையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடித்தது. பொக்லைன்காரர் மேலே உட்கார்ந்தபடி, "சார், தோண்டவா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"இந்த மண்ணுக்கு ஒரு சின்னக் குழி போதுமே" என்று ஓவர்சியர் தமக்குள் சொல்லிக்கொண்டார். "முதல்ல போட்ட இடமே போதும். இத்தனை நாள் இதுக்கு என்ன ஆச்சு?"

அப்போது டீச்சரம்மா வீட்டுப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஈரப் புடவையும் இடுப்பில் நிறைகுடமுமாகத் தங்கை ஓட்டமும் நடையுமாக வந்தாள். காய்ந்த குழியைச் சுற்றி எல்லாரும் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"கோவிச்சுக்காதண்ணா, இன்னைக்கு ஒருநாள் மறந்துட்டேன், நீ பாடுபட்டு நிரப்பி வைக்கிறது வீணாப் போகக் கூடாதுன்னு, வேலைக்குப் போறப்ப ரெண்டு குடம், வர்றப்ப ரெண்டு குடம், முதல் குழியில இருந்து நான்தானே தினமும் ஊத்திக்கிட்டு இருக்கேன்."