ஏழுமலையின் ஓரக் கட்டை

சமூகத்தின் துயரத்தை உலகுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறவர்கள், அந்தத் துயரத்தைத் தாங்களே உண்டாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது மிகச் சாதாரண எச்சரிக்கை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இது இருபத்து மூன்றாம் வயதில், நொச்சிக்குப்பத்துக் கரையில், அப்பாவின் குடையில் கடல்நீரை மொண்டுகொண்டிருந்த நாளில்தான் விளங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர். சமூகவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மயிலாப்பூரில் ஒரு சிறு தன்னார்வக் குழுவில் சேர்ந்திருந்தேன். மீனவர் வாழ்வாதாரம் பற்றிப் புகைப்படக் கண்காட்சி நடத்துவதென்று குழு முடிவு செய்தது. மற்றவர்கள் மீனவர்களின் முகங்களை எடுக்கப் போனார்கள். நான் மட்டும், மனிதரே இல்லாத நிலக்காட்சியில் மனிதத் துயரம் முழுவதையும் காட்டப் போவதாக அறிவித்தேன். அதுவும் கறுப்பு-வெள்ளையில். அதுவும் வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகியிருக்கும் வாரத்தில். (அந்த வயதில் எனக்கு எதிரி என்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை.)

குழுச் செயலாளரிடம் கேமராவை இரவல் வாங்கினேன். கெட்ட வானிலையில் என்னைத் தனியாகக் கடற்கரைக்கு அனுப்ப மறுத்த அம்மா, அப்பாவைத் துணைக்கு அனுப்பினாள். அப்பா கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். கேமரா நனையாமல் குடை பிடிப்பது அவர் பொறுப்பு.

மூன்று நாள் கொட்டிய மழை அன்று காலை சற்று வெறித்திருந்தது. கரையில் ஆளே இல்லை. தண்ணீர் லாரி வந்திருந்ததால் குப்பம் முழுவதும் குடங்களோடு சாலைக்குப் போயிருந்தது. மனிதரற்ற நிலக்காட்சி தானாகவே அமைந்துவிட்டது என்று மகிழ்ந்து கேமராவுக்குள் பார்த்தேன். கடல் சாம்பல், மணல் சாம்பல், வானம் சாம்பல். கறுப்பு-வெள்ளைப் படத்தில் இது மூன்று நாள் முன்பு அரைத்த இட்லி மாவைப் போலத்தான் வரும். படத்தின் கீழ் மூலையிலிருந்து தொடுவானம் வரை பார்வையை இழுத்துச் செல்ல அழுத்தமான ஒரு கறுப்புக் கோடு வேண்டும் என்று நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன்.

மேட்டில் ஒரு கட்டுமரம் பிரித்துப் போடப்பட்டிருந்தது. கட்டுமரம் என்பது ஒரே மரம் அன்று, தனித்தனிக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், ஓட்டம் குறையும். ஒரு கட்டுமரத்தின் கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி செதுக்கப்பட்டவை, ஒன்று போனால் மற்றவற்றால் பயனில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன்.

"அப்பா, அந்த ஓரத்துக் கட்டையை மட்டும் தண்ணி விளிம்பு வரைக்கும் சாய்வா வெச்சா பிரமாதமா இருக்கும்."

"யாரோடதோ என்னவோடி."

"அஞ்சே நிமிஷம். திரும்ப வெச்சுடலாம்."

அப்பா மணலின் சரிவைக் கண்ணால் அளந்தார். என்னைத் தடுக்க வேண்டியவரை அந்த நொடியில் இயற்பியல் விழுங்கிவிட்டது. "சரிவு நன்னா இருக்கு. ஒரு தள்ளு தள்ளினா தானா உருளும்."

தானாகத்தான் உருண்டது. பதினைந்தடிக் கட்டை அலையின் நுனியில் போய்ச் சாய்ந்து நின்றது. ஆனால் கடற்காற்றில் மேல்புறம் உலர்ந்திருந்த மரம் வெளிறித் தெரிந்தது. கோடு கறுக்கவில்லை. குடங்கள் எல்லாம் லாரிக்குப் போயிருந்தன. ஆகவே குடையைத் தலைகீழாகப் பிடித்து, கடல்நீரை மொண்டு, அவர்கள் காயப்போட்டிருந்த கட்டையை முழுவதுமாக நனைத்தேன். (மூன்றாம் அத்தியாயம், நினைவிருக்கட்டும்.) "கம்பிகிட்ட ஒழுகறது, சீக்கிரம் ஊத்து" என்று அப்பா உற்சாகப்படுத்தினார்.

கிழக்கே மேகம் கிழிந்து ஒரு வெள்ளைப் பிளவு திறந்தது. நான் மணலில் மண்டியிட்டேன். அலை ஒன்று ஏறி வந்தது. கட்டை லேசாகத் திரும்பியது. முன்பைவிடக் கோணம் சிறப்பாக இருந்தது, எடுத்தேன். இன்னும் சற்று விலகியது. இன்னும் சிறப்பு. எடுத்தேன். நிலக்காட்சி இந்த அளவுக்கு ஒத்துழைக்கும் என்று அந்தப் புத்தகத்தில் சொல்லியிருக்கவில்லை. மூன்றாவது படத்தின்போது அப்பாவின் குரல் கேட்டது.

"சுதா, அது மிதக்கறதுடி."

"ஒரு நிமிஷம்ப்பா."

நான்காவதையும் எடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். கட்டை இடுப்பளவு ஆழத்தில் இருந்தது. இறங்கிப் பிடித்திருக்கலாம். ஆனால் எதையும் விளைவுகளை ஆராய்ந்தே செய்யும் பழக்கம் எனக்கு. எனக்கு நீந்தத் தெரியாது, கேமரா இரவல், அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு, கூச்சலிட்டால் பொய்யான பீதி பரவலாம் என்று ஒவ்வொன்றாக நான் சீர்தூக்கி முடிப்பதற்குள் கட்டை இரண்டு அலைகளைத் தாண்டியிருந்தது.

"ஏய்! இன்னாமே பண்ற அங்க? எங்க கட்ட எங்கமே?"

இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தார். சாலையோரம் மீன் விற்கும் அஞ்சலை. அந்தக் கட்டுமரத்துக்காரர் ஏழுமலையின் மனைவி.

"மன்னிக்கணும். புகைப்படத்துக்காகச் சிறிது இடம் மாற்றினோம். அது நகர்ந்ததைக் கவனிக்கவே இல்லை" என்றேன்.

"போட்டோவுக்கா? போட்டோவுக்கு எங்க கட்டய உருட்டி உட்டியா? யோவ் பெரியவரே, நீயுமா?"

அப்பா பதற்றத்தில் வாய் தவறினார். "ஓரக் கட்டைதானேம்மா..."

"ஓரக் கட்டயா? உன் கால்ல ஒண்ண எட்த்துட்டா நீ ஓரமா நடப்பியா? மூணு நாளா கடலுக்குப் போவல. ஊட்ல அரிசி கெடயாது. நாளிக்கி விடிகாலைல போலாம்னு இப்பதான் காயப் போட்டுச்சு அந்தாளு!"

சத்தம் கேட்டு ஏழுமலை ஓடிவந்தார். கடலைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்படியே பாய்ந்தார்.

மூன்று நாள் காற்றில் கலங்கிய கடல் அது. முதல் அலையில் அவர் தலை தெரிந்தது. இரண்டாவதிலும் தெரிந்தது. மூன்றாவது அலை மடிந்து விழுந்தபின் தெரியவில்லை. அஞ்சலை திட்டுவதை நிறுத்தினார். அதுவரை ஒரு கட்டையின் மதிப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அப்போதுதான் கடலில் இருப்பது ஓர் ஆள் என்று உறைத்தது. கையிலிருந்த கேமரா மணலில் விழுந்தது. அப்பா எதை எண்ணுகிறோம் என்று தெரியாமலே உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டு வரை எண்ணியபோது, எதிர்பாராத ஓரிடத்தில் ஏழுமலை எழும்பி, கட்டையின் மேல் குதிரைபோல் ஏறி உட்கார்ந்தார்.

"தே, உக்காந்துக்கினு கீது பாரு" என்றார் அஞ்சலை. அப்புறம் விட்ட இடத்திலிருந்து எங்களைத் திட்டத் தொடங்கினார். வாழ்நாளில் எந்த வசவையும் நான் அவ்வளவு நன்றியோடு கேட்டதில்லை.

நீரோட்டம் கட்டையைத் தெற்கே இழுத்தது. ஏழுமலை கைகளால் துழாவியபடி மிதந்தார். நாங்கள் கரையில் கூடவே ஓடினோம். தெற்கே அடுத்திருந்த பட்டினப்பாக்கத்துக் கரையில்தான் அவரால் ஏற முடிந்தது. மூச்சு வாங்க மணலில் சிறிது நேரம் கிடந்தார். பிறகு எழுந்து அப்பாவிடம் வந்தார்.

"சாரே, உருட்டத் தெரிஞ்சிச்சில்ல? தூக்கவும் தெரியும். புடி."

முன்முனை ஏழுமலையின் தோளில், பின்முனை அப்பாவும் நானுமாக, நொச்சிக்குப்பத்துக்குத் திரும்ப நடந்தோம். ஊறிய மரம் எவ்வளவு கனக்கும் என்பது மூன்றாம் அத்தியாயத்தில் போதிய அழுத்தத்தோடு சொல்லப்படவில்லை என்று உணர்ந்தேன். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. மணலில் கால் புதைந்ததால் சாலைக்கு ஏறினோம். அங்கே ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமி, வண்டியை நிறுத்தச் சொல்லித் தலையை நீட்டினாள்.

"என்ன ஸார், ஆத்துல ஏதாவது மரவேலையா?"

"இல்லே மாமி, சுதா போட்டோ எடுக்கறா" என்றார் அப்பா, தோளில் கட்டையோடு, மிக இயல்பாக.

நான் திரும்பிப் பார்த்தேன். மணலில் விழுந்த கேமராவை அஞ்சலை எப்போதோ எடுத்துத் துடைத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். எங்கள் குடை அதற்கு மேல் விரிந்திருந்தது. அவர் நனைந்துகொண்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. எனக்குக் கிடைத்த அதிர்ச்சிகளில் இதுவே கொடியது. அவை அற்புதமாக இருந்தன. கறுத்த கோடு ஒன்று வெண்மையான பிளவை நோக்கி நீண்டது. குழுவில் எல்லோரும் "என்ன தனிமை!" என்று உருகினார்கள். உரியவர்களின் இசைவின்றிக் காட்சிக்கு வைப்பது அறமாகாது என்று கருதி, நான்கு படங்களையும் எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன்.

அஞ்சலை அவற்றை வாசற்படியில் வரிசையாகப் பரப்பினார். முதல் படத்தில் கட்டை கரையைத் தொட்டிருந்தது. இரண்டாவதில் விலகியிருந்தது. மூன்றாவதில், நான்காவதில்... அவர் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது.

"கவனிக்கவே இல்லன்னியே?"

நான் படங்களை அள்ளக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"தபா தபாவா தூரம் போவுது. நீ பாத்துக்கினேதான் இருந்துகீற."

"ஆமாம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு கட்டை கடலுக்குப் போயிருக்கும்.

அவர் நான்காவது படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தாளு குதிச்சுதே, அத்த ஏன் போட்டோ புடிக்கல?"

"கேமராவைக் கீழே போட்டுட்டேன்."

அவர் படங்களை அடுக்கி என் கையில் கொடுத்தார். "சரி, போ. அதனால உட்டேன்" என்றார்.

படங்கள் கண்காட்சிக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் நான் ஒரு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டாலும், "நகத்தாதே, மிதந்துடும்" என்று அம்மா இன்றும் சொல்கிறாள். குப்பத்தில் அந்த அளவுக்குக்கூட இரக்கமில்லை. ஏழுமலையிடம் இப்போது இருப்பது இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகு. அதை அசைக்கவே ஆறு பேர் வேண்டும். ஆனாலும் நான் அந்தப் பக்கம் போனால், மீன் கூடைக்குப் பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் கரை முழுவதும் கேட்கும்படி எழும்:

"யோவ், போட்டோக்காரம்மா வருது! போட்ட கட்டுய்யா!"

ஏழுமலையும் எழுந்து போய்ப் படகைக் கட்டுகிறார்.